பொங்கல் சீருக்குச் சமையல் சாமான்: யாருக்கு எதை வாங்கலாம்?

தை பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. தங்கச்சிக்கு இது தலைப்பொங்கல், திருமங்கலத்துக்குச் சீர் கொண்டு போகவேண்டும். அதோடு அம்மாவுக்கு ஒன்று, பெங்களூரில் தனியாக அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடும் தம்பிக்கு ஒன்று. மூன்று பேருக்குமே இந்தத் தடவை சமையல் சாமான்தான் என்று முடிவெடுத்தேன். துணி எடுத்தால் பீரோவுக்குள் போய்விடும், நல்ல தோசைக்கல் என்றால் தினமும் காலையில் கைக்கு வரும்.

ஆனால் இதில் ஏற்கெனவே ஒரு தடவை தப்புச் செய்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு மதினிக்கு ஒரு வார்ப்பு தோசைக்கல் வாங்கிக் கொடுத்தேன். நல்ல கனம், விலையும் அதிகம்தான். அட்டைப்பெட்டியோடு அப்படியே கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். முதல் தோசையே கல்லோடு ஒட்டிக்கொண்டது, சுரண்டி எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, ஈரத்தோடு கவிழ்த்து வைத்ததில் மறுநாள் காலையில் கல் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. அவரும் இரண்டு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுப் பழைய நான்ஸ்டிக்குக்கே போய்விட்டார். அந்தக் கல் இப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மூடி காற்றில் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடக்கிறது. கல்லில் குறை இல்லை, மதினியிடமும் இல்லை. பழக்காத இரும்பைக் கொடுத்தது என் தப்பு.

அதனால் இந்த முறை கடைக்குப் போகும் முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொண்டேன். அங்கே இருப்பது கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? தூக்கப் போகிற கைக்கு எவ்வளவு கனம் தாங்கும்? அப்புறம், பாத்திரம் கழுவுவது யார்? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. சமைக்கிறவர் ஒருத்தர், கழுவுகிறவர் வேறொருத்தர் என்றால் இரும்பும் மண்ணும் சீக்கிரம் பாழாகும்.

கடை விஷயத்தில், வெளியூரிலிருந்து மதுரைக்கு வருகிறவர்கள் பழைய நினைப்பில் புதுமண்டபத்துக்குப் போய்விடாதீர்கள், அங்கே இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. எழுகடல் தெருவில், திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமலே நின்றுபோன ராயகோபுரத்தை ஒட்டிப் பாத்திரக் கடைகள் இருக்கின்றன. நான் இரண்டு நாள் சாயங்காலம் அந்தப் பக்கமே சுற்றினேன். எல்லாக் கடையிலும் முதலில் எடுத்துக் காட்டுவது எவர்சில்வர் டின்னர் செட்தான், 51 உருப்படி, பளபளவென்று பிளாஸ்டிக் தாளில் சுற்றி. பார்க்க நிறைவாகத்தான் இருக்கும், சபையில் வைத்தால் தட்டு நிறையும். கையில் எடுத்துப் பாருங்கள், டம்ளர் விரலால் அமுக்கினால் நெளியும். அந்தக் காசுக்கு ஆயுசுக்கும் வரும் பாத்திரம் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, தோசைக்கல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அதிக நேரம் செலவழித்தது அதில்தான். வீட்டுக்கு என்று பார்த்தால் மூன்று வகை: வார்ப்பிரும்பு, இரும்புத் தகட்டில் செய்தது, நான்ஸ்டிக். வார்ப்பு சூடாக நேரம் எடுக்கும், சூடானால் விடாது. மாவு ஊற்றினாலும் கல் சட்டென்று குளிர்ந்து போகாததால் ஊத்தப்பம், கறி தோசை மாதிரி கனமாக ஊற்றுவதற்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. கறி தோசையில் அடியில் மாவு, மேலே முட்டை, அதற்கும் மேலே கறி என்று மூன்று அடுக்கு வேக வேண்டுமே, மெல்லிய கல்லில் அடி கருகும்போது மேல் பச்சையாக இருக்கும். குறை என்னவென்றால் வார்ப்பு கை தவறிக் கீழே விழுந்தால் உடைந்துவிடும். இரும்பு உடையுமா என்று கேட்பார்கள், வார்ப்பிரும்பில் கரி அதிகம், அதனால் நெளியாது, வெடிக்கும். கனமும் கூட. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இதைக் கொடுப்பது உபத்திரவம்.

தகட்டுக் கல் அதைவிட இலேசு, விலையும் குறைவு, விழுந்தால் உடையாது. சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும், முறுகலான மெல்லிய தோசைக்கு இதுவே போதும். ஆனால் மெல்லிய தகடாக வாங்கினால் நாலைந்து மாதத்தில் நடுவில் குழிந்தோ புடைத்தோ போய், எண்ணெய் எல்லாம் ஒரு பக்கமாக ஓடும். நான்ஸ்டிக்கை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. புதிதாகச் சமைக்கப் பழகுகிறவர்களுக்கும், வயதானவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் அதன் பூச்சு ஏறக்குறைய 260 டிகிரி வரைதான் தாங்கும், வெறும் கல்லை எரியும் அடுப்பில் வைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போகிற நம் வீட்டுப் பழக்கத்துக்கு அது சரிப்படாது. சில வருஷத்தில் பூச்சு உரியும், தூக்கிப் போட வேண்டியதுதான். அன்பளிப்பாகக் கொடுக்கிற பொருள் அப்படிப் போவதில் எனக்கு மனசு ஒப்பவில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கல்லைச் சமமான தரையில் வைத்து ஓரத்தை விரலால் அமுக்குங்கள், ஆடினால் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரும்பு ஸ்கேல் ஒன்றைக் கையோடு கொண்டு போய்க் கல்லின் குறுக்கே நிறுத்திப் பார்த்தேன், நடுவில் வெளிச்சம் தெரிந்த கல்லை எல்லாம் ஒதுக்கினேன். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் அவரே உள்ளே போய் நாலு கல் எடுத்து வந்து போட்டார். வார்ப்பாக இருந்தால் தூக்கிப் பிடித்துத் தட்டிப் பார்க்க வேண்டும், கணீரென்று கேட்காமல் மொத்தையாகக் கேட்டால் எங்காவது கீறல் இருக்கலாம். அளவில் ஆசைப்படாதீர்கள். வீட்டு அடுப்பின் தீ நடுவில் மட்டும்தான் எரியும், 12 அங்குலத்துக்கு மேல் கல் வாங்கினால் நடுவில் தோசை கருகி ஓரம் வெள்ளையாக நிற்கும். 10 அல்லது 11 அங்குலம் போதும்.

தங்கச்சிக்கு வார்ப்பு 11 அங்குலம் எடுத்தேன். அவள் வீட்டில் கேஸ் அடுப்பு, கை பலம் உண்டு, கழுவுவதும் அவளே. ஆனால் பெட்டியோடு கொடுக்கப் போவதில்லை. எங்கள் வீட்டிலேயே பழக்கிக்கொண்டிருக்கிறேன். புதுக் கல்லைத் தேய்த்துக் கழுவினால் கறுப்பாகத் தண்ணீர் வரும், அது தெளியும் வரை கழுவ வேண்டும். அப்புறம் ஒரு அகலமான பேசினில் போட்டு வடிகஞ்சி ஊற்றி வைத்தேன், தினமும் மாற்றிவிட்டு மூன்று நாள். நாலாம் நாள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினேன். இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள், எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிடுவார்கள். தடவியதைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும், கல்லில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத்தான் மிஞ்ச வேண்டும். அதிகமாக இருந்தால் காயும்போது பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பூச்சோடு புகை வரும் வரை காய்ச்சி, அணைத்து, ஆறவிட்டு, மறுபடி தடவிக் காய்ச்சி, இப்படி ஒரு நாளைக்கு இரண்டு தடவை. சாம்பல் நிறமாக இருந்த கல் இப்போது பழுப்பேறி, ஓரத்தில் கறுப்பு ஏற ஆரம்பித்திருக்கிறது. பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்த்தபோது நேற்று முதல்முறையாக அந்தத் தோசைக்கடை வாசனை வந்தது.

அம்மா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சீர்ப் பொருள் புழங்காததா இருக்கணும்டா, சுட்ட கல்லைக் கொண்டு போய் வச்சா சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க" என்றார். அது நியாயம்தான். அதனால் சீர்த்தட்டில் புதுப் பானை போகும், கல் சீரில் சேராது, அண்ணன் கொடுத்ததாகத் தனியாகப் போகும் என்று பேசி முடித்தோம். வாங்கியதும் சனிக்கிழமை இல்லை, புதன்கிழமைதான், சனிக்கிழமை இரும்பு வாங்குவதில் அம்மாவுக்குச் சம்மதம் கிடையாது.

இனி அந்தப் பானை. பொங்கல் பானைக்கு வெண்கலமா, பித்தளையா, எவர்சில்வரா என்பதுதான் போட்டி. பித்தளை செம்பும் துத்தநாகமும், வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். வெள்ளீயம் விலை கூடியது, அதனால் வெண்கலம் கிலோவுக்குப் பித்தளையைவிட நன்றாகவே அதிகம் வரும். பானையைத் தொங்கவிட்டுப் பிடித்து விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் கோயில் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். ஒன்றுக்கு இரண்டாகத் தட்டிக் கேட்டால் காது தானாகவே கண்டுபிடித்துவிடும். வெண்கலம் வார்த்துச் செய்வது, கனமாக இருக்கும், சூடு பானை முழுக்கச் சீராகப் பரவும், பால் பொங்கும்போது அடிபிடிப்பது குறைவு. கீழே விழுந்தால் கீறல் விடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பித்தளை விழுந்தால் நசுங்கும், அவ்வளவுதான்.

பித்தளைக்கு வேறொரு செலவு இருக்கிறது. உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசாமல் புளி, தயிர், தக்காளி எதுவும் வைக்கக் கூடாது, களிம்பேறி ருசி கெடும், உடம்புக்கும் ஆகாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது தெருவுக்கே ஈயம் பூசுகிறவர் வருவார். வேப்பமரத்தடியில் சின்னக் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரியை ஊதுவார். பாத்திரம் பழுக்கச் சூடானதும் நவச்சாரத்தைத் தூவுவார், வெள்ளைப் புகை குப்பென்று மூக்கில் ஏறும், அதற்குள் ஈயக் கம்பியை உள்ளே ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் சுற்றித் துடைத்தால் பாத்திரத்தின் வயிறு வெள்ளியாக மாறியிருக்கும். இப்போது அப்படி ஒருத்தரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். வாங்கிக் கொடுக்கப் போகிற வீட்டுக்குப் பக்கத்தில் ஈயம் பூச ஆள் இருக்கிறாரா என்று தெரியாமல் பித்தளைப் பாத்திரம் கொடுக்காதீர்கள், அது கண்ணாடி அலமாரிக்குத்தான் போகும்.

எவர்சில்வர் பானை பாதி விலை, பராமரிப்பு கிடையாது. ஆனால் ஒற்றைத் தகட்டில் செய்தது என்றால் பால் கட்டாயம் அடிபிடிக்கும். எவர்சில்வர் வாங்குவதாக இருந்தால் மூன்றடுக்கு பாத்திரமாக, நடுவில் அலுமினியம் வைத்ததாகப் பாருங்கள். உள்பக்கம் 304 என்ற ரகமாக இருக்க வேண்டும், அதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதீர்கள். நிக்கல் குறைந்த மலிவு ரகமான 202-லும் காந்தம் ஒட்டாது. நல்ல மூன்றடுக்குப் பாத்திரத்தின் அடியிலோ, இண்டக்‌ஷனுக்காகவே காந்தம் ஒட்டும் தகட்டை வைத்திருப்பார்கள். பாத்திரத்தில் ரக எண் அடித்திருக்கிறதா என்று பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குவதுதான் வழி.

தலைப்பொங்கலுக்கு வெண்கலப் பானை என்றே முடிவு செய்தேன். விலை கூடத்தான், பட்ஜெட்டை மீறிவிட்டது. ஆனால் எங்கள் அப்பத்தாவின் வெண்கலப் பானையில்தான் அம்மா இன்னும் பொங்கல் வைக்கிறார், அதற்கு மேல் எனக்குக் காரணம் தேவைப்படவில்லை.

பானையோடு ஈயச் சொம்பும் எடுங்கள் என்று கடையில் சொன்னார்கள். ஈயச் சொம்பு ரசத்தின் ருசி எனக்கு உயிர், இருந்தாலும் எடுக்கவில்லை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, தண்ணீர் அந்தச் சூட்டை எட்ட விடாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் முடிந்தது. எங்கள் வீட்டுச் சொம்பு அப்படித்தான் போனது, அம்மா வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்த் திரும்பியபோது பர்னரைச் சுற்றி வெள்ளியாக ஒரு குட்டை. அதைவிடப் பெரிய பயம் கலப்படம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லால் வெள்ளீயத்தையும் சொல்கிறோம், காரீயத்தையும் சொல்கிறோம், காரீயம் விஷம், அதுவும் குழந்தைகளின் மூளைக்கு. வெள்ளைத் தாளில் உரசினால் காரீயம் பென்சில் மாதிரி கருங்கோடு போடும் என்பார்கள், ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் கோட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம்பிக்கையான கடை, சுத்தம் என்று எழுதிக் கொடுக்கும் பில், இரண்டும் இல்லாமல் இதை யாருக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கல்சட்டியும் மண்சட்டியும் ஒரே வேலைக்குத்தான், புளிக்குழம்பு, மீன்குழம்பு. மாக்கல்லில் குடைந்த கல்சட்டி அடுப்பை அணைத்த பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும், புளிக்கும் அசையாது. ஆனால் பழக்குவதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல். மண்சட்டிக்கு எனக்குத் தனிப் பாசம் உண்டு. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் வைகைக் கரை மண், கடம் செய்கிற ஊர். பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்து வாங்கலாம், ஒரு நல்ல குழம்புச் சட்டியும் மூடியும் சினிமா டிக்கெட் காசுக்குள் வந்துவிடும். பளபளவென்று கறுப்பு வண்ணமோ வார்னிஷோ பூசியதை மட்டும் தொடாதீர்கள், அது அலங்காரத்துக்கு. பூசாத சட்டியை வாங்கி, தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்துக் கசிகிறதா பார்த்து, கஞ்சித் தண்ணீரைச் சிறு தீயில் இரண்டு மூன்று தடவை கொதிக்கவிட்டால் மண்வாசனை போய்விடும். தூரத்துக்குக் கொண்டு போக முடியாது, இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. பக்கத்து ஊர் சொந்தங்களுக்கு என்றால் விலைக்கு மீறின அன்பளிப்பு இதுதான்.

அம்மாவுக்கு என்ன என்று யோசித்தபோது அவருடைய அருவாமனைதான் கண்ணில் பட்டது. முழங்கால் வலி வந்த பிறகு தரையில் உட்கார்ந்து எழுவதற்குச் சுவரைப் பிடிக்கிறார். ஆனாலும் கத்தி பிடிக்காது, இரண்டு கையாலும் காயைப் பிடித்து வெட்டியே பழகியவர். மேடைமேல் வைத்து நின்றபடி வெட்டுகிற மாதிரி பலகையில் பதித்த சின்ன அருவாமனை வருகிறது, முனையில் தேங்காய்த் துருவியும் உண்டு. அதையும் ஒரு நல்ல கத்தியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். கத்தி வெங்காயத்துக்கு வேகம், ஆனால் சாணை பிடிக்கத் தெரிய வேண்டும், சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிசு. எழுபது வயசில் வேறு பழக்கத்துக்குக் கையைத் திருப்புவது தேவையில்லை என்று மேடை அருவாமனையையே எடுத்தேன். கடையிலேயே மேசைமேல் வைத்து அழுத்திப் பார்த்தேன், முதல் இரண்டு நழுவின, அடியில் ரப்பர் பதித்த மூன்றாவது நகரவில்லை. கூர்மையான சாமானைக் கையில் கொடுக்கக் கூடாது என்பார்கள், மேடையில் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

தம்பிக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவனிடம் இருப்பது இண்டக்‌ஷன். அதனால் வெண்கலம், பித்தளை, மண், கல் எல்லாம் அடிபட்டுப் போயின. இரும்பு ஓடும், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைத் தொட்டியில் ஊறப் போடுகிறவனுக்கு இரும்பு ஆகாது. மூன்றடுக்கில் 3 லிட்டர் குக்கர் ஒன்று, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, கூடவே ஒரு உபரி கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும். அந்த உபரியைச் சேர்த்துக் கொடுப்பது முக்கியம், கேஸ்கெட் தளர்ந்து ஆவி ஒழுக ஆரம்பித்ததும் குக்கரையே ஓரங்கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர் பற்றி எழுதவில்லை, அதெல்லாம் வாங்குகிற வீட்டோடு பேசி, சர்வீஸ் பக்கத்தில் இருக்கிறதா பார்த்து வாங்க வேண்டியது, திடீரென்று கொண்டு போய் இறக்குகிற பொருள் இல்லை.

மதினி வீட்டு மொட்டைமாடிக் கல்லையும் போன வாரம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன், தொட்டி மூடிக்கு இரண்டு செங்கல் வைத்துவிட்டு. துருவை மணல் போட்டுத் தேய்த்ததில் அடியில் கல் நன்றாகத்தான் இருக்கிறது. தங்கச்சி கல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பேசினில் வடிகஞ்சியில் கிடக்கிறது. போகிக்கு முந்தின நாள் இரண்டிலும் நாலு நாலு தோசை சுட்டுப் பார்த்து, துடைத்து, எண்ணெய் தடவி, ஆளுக்கொரு மஞ்சப்பையில் கட்டி வைக்க வேண்டும்.